தேசத்தை நேசித்து அரசாங்கங்களைக் கண்காணித்த தோமஸ் பெயின்

அரசாங்கத்தை விமர்சிப்பவர் நாட்டை நேசிக்காதவர் என்ற குற்றச்சாட்டு ஆட்சியாளர்களின் கையிலுள்ள மிகப் பழைய ஆயுதமாகும். அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளிலும் அந்த ஆயுதத்திற்கு இலக்கானவர் தோமஸ் பெயின். தேசபக்தி என்பது அதிகாரத்திலுள்ளோருக்குக் காட்டும் விசுவாசம் அல்ல என்பதை அவர் நூல்களில் எழுதியதோடு நின்றுவிடவில்லை. அதற்கான விலையையும் தமது வாழ்க்கையில் செலுத்தினார்.

பெயின் 1737 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தெட்போர்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். அவரது தந்தையார் பெண்களுக்கான கச்சைகள் தைக்கும் தொழிலாளி. அத்தொழிலையே கற்ற பெயின் பின்னர் தீர்வை அறவிடும் அரசாங்க உத்தியோகத்தரானார். 1772 இல், சக உத்தியோகத்தர்களின் சம்பளத்தை உயர்த்துமாறு பாராளுமன்றத்தைக் கோரும் முறையீடொன்றை எழுதினார். வறுமையில் வாடும் உத்தியோகத்தரிடம் நேர்மையை எதிர்பார்க்க முடியாது என்பதே அவரது வாதம். அந்த முறையீடு பலனளிக்கவில்லை. 1774 இல் பதவியும் பறிபோனது. பெஞ்சமின் பிராங்ளின் வழங்கிய அறிமுகக் கடிதத்துடன் அவ்வாண்டின் இறுதியில் அவர் பிலடெல்பியாவில் கரையிறங்கினார்.

1776 ஜனவரியில் பெயர் குறிப்பிடாமல் அவர் வெளியிட்ட 'பொதுப்புத்தி' என்ற சிறுநூல் அமெரிக்கக் குடியேற்றங்களை உலுக்கியது. பிரித்தானிய மன்னரிடம் சலுகை கோரி நின்ற மக்களைப் பூரண சுதந்திரத்தை நோக்கி அது திருப்பியது. சமூகத்தையும் அரசாங்கத்தையும் ஒன்றெனக் கருதுவதே தவறு என்பது அந்நூலின் அடிப்படையாகும். மக்கள் கூடிவாழ்வது இயல்பானது; அரசாங்கமோ மனிதரின் குறைபாடுகளால் தேவைப்படுவது; ஆதலால் அது எப்போதும் கண்காணிக்கப்பட வேண்டியது என்று அவர் வாதிட்டார். நூலின் வருமானத்தில் தமது பங்கினைப் போர்வீரர்களின் தேவைக்கே அவர் ஒதுக்கினார். அவ்வாண்டின் இறுதியில் வோஷிங்டனின் படை தோல்விகளால் துவண்டிருந்த வேளையில், 'அமெரிக்க நெருக்கடி' என்ற அவரது கட்டுரைத் தொடர் வீரர்களுக்கு உரமூட்டியது.

ஆயினும், தாம் உருவாக்க உதவிய அரசாங்கத்தையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. வெளிவிவகாரக் குழுவின் செயலாளராகக் கடமையாற்றிய காலத்தில், பிரான்சிலிருந்து ஆயுதங்கள் பெறப்பட்ட விவகாரத்தில் சைலஸ் டீன் என்ற பிரதிநிதி தனிப்பட்ட இலாபம் தேட முயன்றார் என்று பெயின் பத்திரிகையில் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். அதற்கு ஆதாரமாக, பிரான்சின் இரகசிய உதவி பற்றிய அரச ஆவணங்களையும் சுட்டிக்காட்டினார். பிரெஞ்சுத் தூதுவர் ஆட்சேபம் தெரிவித்தார். 1779 ஜனவரியில் பெயின் பதவி விலக நேர்ந்தது. யுத்த காலத்தில் சொந்தத் தரப்பையே காட்டிக்கொடுத்தவர் என்று அவர் தூற்றப்பட்டார். டீன் மீதான குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் நியாயமானது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. இரகசியத்தை வெளியிட்டது முறையா என்ற கேள்வியும் எஞ்சியுள்ளது. ஆனால், மறு ஆண்டே படையினர் உணவும் உடையுமின்றித் தவித்தபோது, அவர்களுக்கென நிதி திரட்டுமாறு கோரித் தமது சம்பளப் பணத்திலிருந்து 500 டொலரை முதலில் வழங்கியவரும் அதே பெயின்தான்.

சுதந்திரம் கிடைத்த பின்னர் ஐரோப்பா திரும்பிய அவர், பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்து 'மனித உரிமைகள்' என்ற நூலை 1791 இலும் 1792 இலும் இரு பாகங்களாக வெளியிட்டார். பரம்பரை ஆட்சியைச் சாடிய அந்நூலுக்காக அவர் மீது பிரித்தானிய அரசாங்கம் வழக்குத் தொடர்ந்தது. அவர் பிரான்ஸ் சென்றுவிட்ட நிலையில், 1792 டிசம்பரில் அவர் இல்லாமலேயே குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. இங்கிலாந்தின் பல ஊர்களில் அவரது கொடும்பாவிகள் எரிக்கப்பட்டன. அவர் தாய்நாட்டில் மீண்டும் காலடி வைக்கவேயில்லை.

பிரான்ஸ் அவரைத் தேசிய மாநாட்டுச் சபையின் உறுப்பினராக்கி வரவேற்றது. அங்கும் அவர் ஆட்சியாளருக்கு ஏற்றவராக இருக்கவில்லை. முடியாட்சியை வாழ்நாள் முழுவதும் எதிர்த்த அவரே, 1793 ஜனவரியில் பதினாறாம் லூயி மன்னருக்கு மரண தண்டனை விதிக்கப்படுவதை எதிர்த்து வாக்களித்தார். மன்னரை அமெரிக்காவிற்கு நாடுகடத்தலாம் என்பது அவரது யோசனை. அவர் எதிர்த்தது முடியாட்சியையேயன்றி, லூயி என்ற மனிதரின் உயிரையல்ல. அவ்வாண்டு டிசம்பர் 28 ஆம் திகதி அவர் கைது செய்யப்பட்டு லக்சம்பேர்க் சிறையில் அடைக்கப்பட்டார். பத்து மாதங்களுக்கு மேல் அங்கு நோயுற்றுக் கிடந்த அவரை, புதிய அமெரிக்கத் தூதுவர் ஜேம்ஸ் மன்றோவே 1794 நவம்பரில் மீட்டெடுத்தார்.

தம்மை மீட்க வோஷிங்டன் முயற்சிக்கவில்லை என்ற மனக்கசப்பில், அவரைத் தாக்கி 1796 இல் பகிரங்கக் கடிதமொன்றை பெயின் எழுதினார். அதிலிருந்த கடுமை அவரது மதிப்பையே குறைத்தது. சந்தேகம் தனிப்பட்ட காழ்ப்பாக மாறும்போது அதன் வலிமை குன்றிவிடும் என்பதற்கு அவரே உதாரணமானார்.

எனினும், அவரை அரசாங்கமே வேண்டாம் என்றவராகக் கருதுவது பெரும் பிழையாகும். முதியோருக்கு உதவிப்பணம், ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு அரச உதவி ஆகியவற்றை 'மனித உரிமைகள்' நூலிலேயே அவர் முன்வைத்தார். 1797 இல் வெளியான மற்றொரு நூலில், 21 வயதை அடையும் ஒவ்வொருவருக்கும் 15 பவுணும், 50 வயதைக் கடந்தோருக்கு ஆண்டுதோறும் 10 பவுணும் வழங்கவேண்டுமெனத் திட்டம் வகுத்தார். மக்களுக்கு அரசாங்கம் செய்யவேண்டியவற்றை எதிர்பார்த்தவர் என்பதனாலேயே, அது செய்யக்கூடாதவற்றை அவர் விழிப்புடன் நோக்கினார்.

1802 இல் அமெரிக்கா திரும்பியபோது, திருச்சபைகளை விமர்சித்த அவரது நூல் பலரைப் பகைவராக்கியிருந்தது. அவர் அமெரிக்கப் பிரஜையல்ல எனக் கூறி, 1806 இல் நியூ ரோஷெல் நகரில் அவருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. 1809 ஜூன் 8 ஆம் திகதி நியூயோர்க்கில் அவர் காலமானார். குவேக்கர் மயானத்தில் இடம் மறுக்கப்பட்டதால் சொந்த நிலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். இறுதிச் சடங்கிற்கு விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே வந்திருந்தனர். அவரைக் குற்றவாளியாக்கிய இங்கிலாந்தில், பிறந்த ஊரான தெட்போர்ட்டில் 1964 இல் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

அரசாங்கங்கள் மாறும், தேசமும் மக்களும் நிலைத்திருப்பர். அரசாங்கம் தவறும் வேளையில் அதனைச் சுட்டிக்காட்டுபவரைத் துரோகி என்பது எளிது. ஆனால், எதிரியின் அரசாங்கத்தை மட்டுமன்றித் தாம் விரும்பிய அரசாங்கத்தையும் அதே அளவுகோலால் அளப்பவரே உண்மையான தேசபக்தர். அந்த அளவுகோலைக் கைவிடாதிருந்ததே பெயின் விட்டுச்சென்ற பாடமாகும்.