சதுரங்க வீரர் மீர் சுல்தான் கான்

1930ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்தின் கடலோர நகரமான ஹேஸ்டிங்ஸில் ஒரு சதுரங்கப் போட்டி தொடங்கியது. அதன் ஒரு சுற்றில் கியூபாவைச் சேர்ந்த கபாபிளாங்காவும் இந்தியாவிலிருந்து வந்த மீர் சுல்தான் கானும் மோதினர். கபாபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலக வெற்றியாளராக விளங்கியவர். ஒரு காலத்தில் எட்டு ஆண்டுகள் எவரிடமும் தோற்காதவர். சுல்தான் கானோ மேற்கத்திய விதிகளைக் கற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இன்று வீரர்களுக்கு வழங்கப்படும் தரப்புள்ளிகள் அன்று இல்லை. இருந்திருந்தாலும் யார் முன்னணியில் இருந்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

சுல்தான் கான் பஞ்சாபிலுள்ள மித்தா திவானா என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. சிறு வயதில் தம் தந்தையிடம் இந்திய முறைச் சதுரங்கத்தைக் கற்றார். அம்முறையில் சிப்பாய் தன் முதல் நகர்விலும் ஒரு கட்டம் மட்டுமே முன்னேறும். அதனால் ஆட்டம் மெதுவாகவே சூடுபிடிக்கும். பொறுமை இல்லாதவர் அதில் நிலைப்பது கடினம். அவரது திறமையைக் கண்ட சர் உமர் ஹயாத் கான் என்னும் செல்வந்தர் அவரை ஆதரித்தார். மேற்கத்திய விதிகளைக் கற்க ஏற்பாடு செய்து, 1929இல் தம்முடன் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே தொடக்கம் நன்றாக அமையவில்லை. முதலில் ஆடிய பயிற்சிப் போட்டியில் சுல்தான் கான் கடைசி நிலைக்குத் தள்ளப்பட்டார். மற்ற வீரர்கள் தொடக்க நகர்வுகளை நூல்களின்வழி ஆழமாகக் கற்றிருந்தனர்; அவருக்கு அந்தப் பயிற்சி இல்லை. இங்கிலாந்தின் குளிரும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால், அதே ஆண்டில் அவர் பிரிட்டிஷ் வெற்றியாளர் பட்டத்தை வென்றார்!

ஹேஸ்டிங்ஸில் அவர் வெள்ளைக் காய்களுடன் ஆடினார். ஆட்டத்தின் நடுவில் தம் அரசியை இழந்தார். அதற்கு ஈடாகக் கபாபிளாங்காவின் இரண்டு கோட்டைகளையும் வெட்டினார். அதன் பிறகு அவர் அவசரப்படவில்லை. சிறுவயதில் பழகிய பொறுமை அங்கே கைகொடுத்தது. எதிராளியின் அரசி தாராளமாக நடமாட இடம் கொடாமல், சிறுகச் சிறுக நெருக்கினார். 65ஆவது நகர்வில் ஆட்டம் முடிந்தது. அப்போட்டியில் கபாபிளாங்கா தோற்ற ஒரே ஆட்டம் அதுதான். போட்டியின் முடிவில் நெதர்லாந்தின் மாக்ஸ் யூவே முதலிடத்தையும் கபாபிளாங்கா இரண்டாமிடத்தையும் சுல்தான் கான் மூன்றாமிடத்தையும் பெற்றனர்.

1932இலும் 1933இலும் சுல்தான் கான் மீண்டும் பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார். 1933ஆம் ஆண்டின் இறுதியில் சர் உமர் நாடு திரும்பினார். சுல்தான் கானும் அவருடன் புறப்பட வேண்டியதாயிற்று. சொந்தச் செலவில் வெளிநாட்டுப் போட்டிகளுக்குச் செல்லும் வசதி அவருக்கு இல்லை. ஐரோப்பாவில் அவர் மீண்டும் ஆடவே இல்லை. தம் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் பயிற்றுவிக்கவும் அவர் விரும்பவில்லை.

1966இல் சுல்தான் கான் காலமானார். 2024இல் அனைத்துலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை வழங்கியது.