பெரோன்: போனஸ் கொடுத்த அதிபர்மீது மக்கள் மனம் மாறியது எப்போது?

டிசம்பர் சம்பளம் வந்ததும் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? 13வது மாத போனஸ் சேர்ந்திருக்கிறதா என்றுதானே? சிங்கப்பூரில் அது வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சட்டப்படி கட்டாயமில்லை. அர்ஜென்ட்டினாவில் கட்டாயம். 1945ஆம் ஆண்டு டிசம்பரிலேயே அரசாங்க ஆணையாக வந்துவிட்டது. அங்கே அதன் பெயர் அகினால்டோ.

அந்த போனஸைப் பற்றிப் பேசினால் கூடவே வரும் பெயர், ஹுவான் டொமிங்கோ பெரோன். மூன்று முறை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இறந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனாலும் அர்ஜென்ட்டினாவில் யார் ஆட்சிக்கு வந்தாலும், 2023 இறுதியில் ஹாவியர் மிலெய் வந்தபோதும், சண்டை பெரோனில் போய்த்தான் நிற்கிறது. செய்தியறையில் நாங்களும் பெரோனியக் கட்சி என்று இரண்டு சொல்லை எழுதிவிட்டு அடுத்த செய்திக்கு ஓடிவிடுவோம். படிக்கிறவருக்கு என்ன புரிந்திருக்கும் என்று எனக்கே சந்தேகம்தான். அதனால் இந்த முறை கொஞ்சம் நின்று பார்ப்போம்.

யாரும் கேட்காத பதவி

பதிவுகளின்படி பெரோன் பிறந்தது 1895இல், புவேனோஸ் அய்ரெஸ் மாநிலத்தில். அப்பா ஆட்டுப்பண்ணை வேலைக்காகக் குடும்பத்தைத் தெற்கே, குளிர்காற்று வீசும் பட்டகோனியாவுக்குக் கூட்டிப்போனார். பையன் பதின்ம வயதிலேயே ராணுவக் கல்லூரியில் சேர்ந்தான். வாள்வீச்சில் கெட்டிக்காரன். 1939இல் ராணுவம் அவரை இத்தாலிக்கு அனுப்பியது. முசோலினி எப்படிக் கூட்டம் சேர்க்கிறார் என்பதை நேரில் பார்த்தார். அவரைப் பிடிக்காதவர்கள் இன்றும் சொல்லிக்காட்டும் விஷயம் இது.

1943இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதில் பங்கெடுத்த அதிகாரிகள் பெரிய நாற்காலிகளுக்குப் போட்டி போட்டபோது கர்னல் பெரோன் கேட்டு வாங்கியது தொழிலாளர் துறையை. அப்போது அதை யாரும் மதிக்கவில்லை. அங்கே உட்கார்ந்துகொண்டு தொழிற்சங்கத் தலைவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார். ஓய்வூதியம் விரிவடைந்தது. தொழிலாளர் நீதிமன்றம் வந்தது. 1944இல் பண்ணை ஆட்களுக்கென்று தனியாக ஒரு சட்டம் வந்தது: குறைந்தபட்சக் கூலி, ஓய்வு நாள், சம்பளத்தோடு விடுமுறை, தங்க ஒழுங்கான இடம்.

அதுவரை பண்ணையாளின் கூலி, முதலாளியின் மனநிலையைப் பொறுத்தது. இப்போது அவன் கையில் சட்டம் இருந்தது. அந்த உணர்வுக்குப் புள்ளிவிவரம் கிடையாது. ஆனால் பெரோனின் கதையில் மற்ற எண்களைவிட அதுதான் நீண்ட நாள் நின்றது என்பது என் எண்ணம்.

சக ராணுவ அதிகாரிகளுக்குப் பயம் வந்தது. 1945 அக்டோபரில் அவரைப் பதவி விலக வைத்து, ஒரு தீவில் அடைத்தார்கள். அக்டோபர் 17ஆம் தேதி, இறைச்சி பதனிடும் ஆலைகளிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் தொழிலாளர்கள் தலைநகருக்கு நடந்தே வந்தார்கள். பாலங்களைத் தூக்கிவிட்டார்கள் என்றதும் சிலர் ஆற்றைக் கடந்து வந்தார்கள். அதிபர் மாளிகைக்கு எதிரே இருக்கும் பிளாசா டி மாயோ சதுக்கம் நிரம்பியது. நடந்து வீங்கிய கால்களைச் சதுக்கத்தின் நீரூற்றில் நனைத்துக்கொண்டார்கள். நகரத்துப் பெரிய மனிதர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அன்றிரவே பெரோன் மாளிகையின் மாடத்தில் வந்து நின்றார்.

இரண்டு மாதத்தில் அகினால்டோ ஆணை வந்தது. முதலாளிகள் கோபத்தில் கடைகளையும் ஆலைகளையும் சில நாள் மூடிவைத்துப் பார்த்தார்கள். 1946 பிப்ரவரித் தேர்தலில் பாதிக்கும் சற்று அதிகமான வாக்குகளோடு பெரோன் அதிபரானார்.

பணம் எங்கிருந்து வந்தது?

இரண்டாம் உலகப் போர்க் காலம் முழுக்க ஐரோப்பாவுக்குக் கோதுமையும் இறைச்சியும் விற்ற நாடு அர்ஜென்ட்டினா. கஜானா நிறைந்திருந்தது. மத்திய வங்கியின் தாழ்வாரத்தில் தங்கக்கட்டிகளால் நடக்க வழியில்லை என்று பெரோன் பெருமையடித்ததாகச் சொல்வார்கள்.

அடுத்து அவர் செய்ததைக் கவனியுங்கள். விவசாயிகளிடமிருந்து கோதுமையை அரசாங்கமே குறைந்த விலையில் வாங்கும். வெளிநாட்டில் கூடுதல் விலைக்கு விற்கும். நடுவில் மிஞ்சும் லாபம் புதிய தொழிற்சாலைகளுக்கும் சமூகச் செலவுகளுக்கும் போகும். மத்திய வங்கியை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டிஷ்காரர்களிடமிருந்த ரயில்பாதைகளை 150 மில்லியன் பவுண்டுக்கு வாங்கினார். 1948 மார்ச்சில் ரயில்கள் கைமாறியபோது நாடே கொண்டாடியது.

1946க்கும் 1949க்கும் இடையே தொழிலாளர்களின் உண்மைச் சம்பளம், அதாவது விலைவாசியைக் கழித்துவிட்டுப் பார்க்கும் சம்பளம், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உயர்ந்தது. 1947இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. அதற்காக ஊர் ஊராகப் பேசியவர் அவருடைய மனைவி எவீட்டா. நீங்கள் இசை நாடகத்திலோ படத்திலோ பார்த்திருக்கக்கூடிய அதே எவீட்டா.

சரி, ஓட்டை எங்கே விழுந்தது? போரில் சேர்த்த பணத்தில் பெரும்பகுதி பிரிட்டிஷ் பவுண்டாக லண்டனில் கிடந்தது. 1947இல் பிரிட்டன் அதை டாலராக மாற்ற முடியாது என்று கதவை மூடிவிட்டது. இயந்திரம் வாங்க டாலர் வேண்டும், டாலர் இல்லை. உலகச் சந்தையில் தானிய விலை இறங்கியது. குறைந்த விலைக்கு விற்றுச் சலித்த விவசாயிகள் விதைப்பதைக் குறைத்தார்கள். கையில் காசு வந்த தொழிலாளர் குடும்பங்கள் இறைச்சி கூடுதலாகச் சாப்பிட்டன. அதில் தப்பே இல்லை. ஆனால் ஏற்றுமதிக்கு அந்த இறைச்சிதான் வேண்டும்! பற்றாக்குறைக்கு மேல் வறட்சி வேறு, ஒன்றுக்கு இரண்டு முறை.

கோதுமை நாட்டில் கறுப்பு ரொட்டி

1949இல் பணவீக்கம் 30 விழுக்காட்டைத் தொட்டது. அரசாங்கம் பழியைக் கடைக்காரர்கள்மீது போட்டது. கூடுதல் விலைக்கு விற்றதாகச் சொல்லி மளிகைக்கடைக்காரர்களையும் இறைச்சிக்கடைக்காரர்களையும் பிடித்து உள்ளே போட்டார்கள். விலை இறங்கவில்லை.

ரயில் ஊழியர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று ஆண்டுக்கு முன்பு ரயில் நம்முடையது என்று ஆடிப்பாடியவர்கள் அவர்கள்தான். 1951 ஜனவரியில் பெரோன் அவர்களை ராணுவச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தார். பலர் கைதானார்கள். அதே ஆண்டு லா பிரென்சா என்ற பெரிய நாளிதழைப் பறித்துத் தொழிற்சங்கக் கூட்டமைப்பிடம் கொடுத்தார்கள்.

ஆனாலும் அந்த ஆண்டு நவம்பர் தேர்தலில் பெரோன் 60 விழுக்காட்டுக்கும் மேல் வாங்கினார். பெண்கள் முதல்முறையாக அதிபரைத் தேர்ந்தெடுத்தார்கள். எவீட்டா மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி வாக்களித்தார். அடுத்த ஜூலையில், 33 வயதில், புற்றுநோயால் இறந்துபோனார்.

1952 பிப்ரவரியில் பெரோன் சிக்கனத் திட்டத்தை அறிவித்தார். சம்பளம் இரண்டு ஆண்டுக்கு அப்படியே நிற்கும். வாரத்தில் ஒரு நாள் இறைச்சி கிடையாது. ரொட்டியில் கோதுமையோடு சிறுதானிய மாவு கலந்தார்கள். ரொட்டி கறுத்தது. உலகத்துக்கே கோதுமை விற்ற நாடு கோதுமையை இறக்குமதி செய்தது. சோற்றுக்குப் பெயர்போன ஒரு வீட்டில் அரிசி கடன் வாங்கப் போவது மாதிரி வெச்சுக்கோங்க. பசியைவிட மானம்தான் அதிகம் போயிருக்கும்.

கணக்கில் மட்டும் பார்த்தால் திட்டம் வேலை செய்தது. 40 விழுக்காட்டை நெருங்கிய பணவீக்கம் 1953இல் 4 விழுக்காட்டுக்கு இறங்கியது. 1954இல் துணையதிபர் தேர்தல் நடந்தது. மறுபடியும் பெரோன் தரப்புக்கு 60 விழுக்காட்டுக்கு மேல்.

அப்படின்னா மக்கள் மனம் மாறவே இல்லையா? இங்கேதான் வாக்கு எண்ணிக்கையை மட்டும் நம்பக்கூடாது. வானொலி அரசாங்கத்தின் பிடியில். பத்திரிகைகள் பயத்தில். எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சூழலில் வாங்கிய 60ஐ, சுதந்திரமாக வாங்கிய 60 என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதேநேரம் அது வெறும் மிரட்டலும் இல்லை. தொழிலாளர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் விட்டுப் போகவில்லை. மாறியது மற்றவர்கள். முன்பு அவரைப் பிடிக்காதவர்கள் இப்போது வெறுத்தார்கள். நடுவில் நின்ற நடுத்தரக் குடும்பங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன. 1954 இறுதியில் விவாகரத்தை அனுமதித்த சட்டத்தால் கத்தோலிக்கத் திருச்சபையோடு மோதல் முற்றியது. அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடப் பார்த்தபோது, பொருளியல் சுதந்திரம் என்று முழங்கியவரா இவர் என்று தேசியவாதிகளும் கேட்டார்கள்.

வரவேற்பறையும் சமையலறையும்

1955 ஜூன் 16ஆம் தேதி கடற்படை விமானங்கள் பிளாசா டி மாயோவில் குண்டு போட்டன. பெரோனைக் கொல்வது நோக்கம். அவர் தப்பினார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் உட்பட 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செப்டம்பரில் ராணுவம் கிளர்ந்தெழுந்தது. பெரோன் பராகுவே போர்ப்படகு ஒன்றில் ஏறி நாட்டைவிட்டுப் போனார்.

அந்த நாள்களைப் பற்றி எழுத்தாளர் எர்னெஸ்ட்டோ சபாட்டோ ஒரு காட்சியைப் பதிவுசெய்தார். அவர் பெரோனை எதிர்த்தவர். வடக்கே சால்ட்டா நகரில் ஒரு வீடு. வரவேற்பறையில் மருத்துவர்கள், நிலச்சுவான்தார்கள், எழுத்தாளர்கள் எல்லாரும் பெரோன் விழுந்ததைக் கொண்டாடுகிறார்கள். உள்ளே, சமையலறைப் பக்கம், அந்த வீட்டில் வேலை செய்யும் இரண்டு பூர்வகுடிப் பெண்கள் கண்ணீரோடு நிற்கிறார்கள். ஒரே வீடு, ஒரே செய்தி. மக்கள் கருத்து என்று நாம் ஒற்றைச் சொல்லாக எழுதுவது எவ்வளவு பெரிய குறுக்குவழி என்று எனக்கு உறைத்தது இந்தக் காட்சியைப் படித்தபோதுதான்.

புதிய ராணுவ ஆட்சி 1956 மார்ச்சில் ஒரு ஆணை போட்டது. பெரோன் என்ற பெயரைச் சொல்லக்கூடாது, அவர் படத்தை வைத்திருக்கக்கூடாது. மீறினால் சிறை. எவீட்டாவின் பதப்படுத்தப்பட்ட உடலை எடுத்துப்போய் இத்தாலியில் வேறு பெயரில் புதைத்தார்கள். ஒரு கட்சியை அழிக்க இதைவிட மோசமான வழி இருக்குமா தெரியவில்லை. கறுப்பு ரொட்டியும் சம்பள முடக்கமும் மெல்ல மறந்துபோயின. விடுமுறையும் போனஸும் நினைவில் நின்றன. 1957இல் அரசியல் சட்ட மன்றத் தேர்தல் நடந்தது. தடைசெய்யப்பட்ட பெரோன் ஆதரவாளர்கள் வெற்றுச் சீட்டைப் போட்டார்கள். எந்தக் கட்சி வாங்கிய வாக்கையும்விட வெற்றுச் சீட்டுகளே அதிகம்.

பெரோனியர்கள் இல்லாத அந்த மன்றம் என்ன செய்தது தெரியுமா? நியாயமான சம்பளம், சம்பளத்தோடு விடுமுறை, வேலைநிறுத்த உரிமை ஆகியவற்றை அரசியல் சட்டத்திலேயே சேர்த்தது. ஆளை விரட்டியவர்களால் அவர் கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியவில்லை.

இரண்டாவது வருகை

18 ஆண்டு வெளிநாட்டு வாழ்க்கை. கடைசியில் ஸ்பெயின். 1973 ஜூன் 20ஆம் தேதி அவர் திரும்பியபோது விமான நிலையத்துக்கு அருகே லட்சக்கணக்கானோர் கூடினார்கள். அவரை வரவேற்க வந்த வலதுசாரியும் இடதுசாரியும் மோதி, துப்பாக்கிச்சூட்டில் பலர் இறந்தார்கள். ஒவ்வொரு தரப்பும் மனத்தில் ஒரு பெரோனை வைத்திருந்தது. வந்திறங்கியவர் 77 வயது முதியவர்.

செப்டம்பர் தேர்தலில் ஏறக்குறைய 62 விழுக்காடு. மூன்றாவது மனைவி இசபெல் துணையதிபர். விலையையும் சம்பளத்தையும் சேர்த்து நிறுத்திவைக்கும் உடன்பாட்டை முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஏற்றிருந்தார்கள். சில மாதம் விலைவாசி அடங்கியது. பிறகு உலக எண்ணெய் விலை எகிறியது. கடைகளில் பொருள் மறைந்து கள்ளச்சந்தைக்குப் போனது. தொழிலாளர்கள் மறுபடியும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். 1974 ஜூன் 12ஆம் தேதி பெரோன் கடைசியாக அதே மாடத்திலிருந்து பேசினார். மக்கள் ஆதரவு இல்லையென்றால் விலகத் தயார் என்ற தொனியில் அன்று அவர் பேச்சு இருந்தது. ஜூலை 1ஆம் தேதி இறந்தார்.

இசபெல் அதிபரானார். ஓராண்டில் நாணய மதிப்பைக் குறைத்து, எரிபொருள் விலையைத் தாறுமாறாக ஏற்றினார்கள். பெரோன் வளர்த்த அதே தொழிற்சங்கங்கள் பெரோனிய அரசாங்கத்துக்கு எதிராகவே நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தன. 1976 மார்ச்சில் ராணுவம் மறுபடியும் வந்தது.

அகினால்டோ மட்டும் போகவில்லை. இன்றும் ஜூனில் பாதி, டிசம்பரில் பாதி வருகிறது.