ஏரிக்கு முன்பே ஒரு பெயர் இருந்தது

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், ஏறத்தாழ 2,480 மீற்றர் உயரத்தில் இருக்கிறது டெனாயா ஏரி. பழைய பனியாறுகள் தேய்த்த பாறைகள் அதன் கரையில் மின்னுகின்றன. 1869ஆம் ஆண்டுக் கோடையில், செம்மறி மந்தையொன்றோடு மலையேறிய 31 வயது இளைஞர் ஒருவர் அந்தக் கரைக்கு வந்தார். அவர்தான் ஜோன் மூயர்.

ஸ்கொட்லாந்தில் 1838இல் பிறந்து, பத்து வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். அங்கு உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1864இல் கனடாவுக்குப் போய்விட்டார். கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து தப்பவே போனார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அதற்காக அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. போர் முடிந்து திரும்பியவர் தொழிற்சாலையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 1867இல் அரமொன்று வலக்கண்ணில் குத்தியது. சில நாட்களில் மற்றக் கண்ணும் மங்கியது. இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருந்தார். பார்வை திரும்பியதும் தொழிற்சாலையை விட்டார், நடக்கத் தொடங்கினார். புளோரிடா வரை சுமார் 1,600 கிலோமீற்றர் நடந்தார். அடுத்த ஆண்டு கலிபோர்னியா வந்து சேர்ந்தார்.

மலையில் அவர் கொண்டுபோனது கொஞ்சம் பாணும் தேயிலையும் ஒரு குறிப்பேடும்தான். பல இரவுகளில் போர்வைகூட இல்லை. நடந்து பார்த்தே, யொசெமிட்டிப் பள்ளத்தாக்கைப் பனியாறுகள் செதுக்கின என்று வாதிட்டார். 1890இல் அப்பகுதி தேசியப் பூங்காவானதில் அவரது எழுத்துக்குப் பெரும் பங்குண்டு. 1892இல் சியரா கழகத்தை நிறுவியவர்களில் ஒருவரானார்.

ஆனால் அவர் வந்த மலை ஆளற்ற மலை அல்ல. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், 1851இல், மரிப்போசா படையணி அந்தப் பள்ளத்தாக்குக்குள் புகுந்தது. அஹ்வானீச்சி மக்களின் குடிசைகளையும், அவர்கள் சேமித்து வைத்திருந்த ஓக் கொட்டைகளையும் எரித்தது. தலைவர் டெனாயாவின் மகன் ஒருவர் கொல்லப்பட்டார். எஞ்சியவர்களை ஏரிக்கரையில் வைத்துப் பிடித்தார்கள். பிடித்தவர்களே ஏரிக்கு டெனாயாவின் பெயரைச் சூட்டினார்கள். அதற்கு முன்பே பெயர் இருக்கிறது என்று அவர் சொன்னதாகப் படையோடு சென்றவரே பதிவு செய்திருக்கிறார். மின்னும் பாறைகளைக் குறிக்கும் பைவியாக் என்பதே அந்தப் பெயர். ஊர்ப்பெயர்கள் மாறக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூயர் பாறையின் கீறலையும் வாசிக்கத் தெரிந்தவர். அந்த மக்களை அவர் அப்படி வாசிக்கவில்லை. சியராவில் சந்தித்தவர்களை அழுக்கானவர்கள் என்று எழுதினார். பின்னாளில் அலாஸ்காவில் சுதேச மக்களோடு பயணம் செய்தபோது அவரது பார்வை ஓரளவு மாறியது. அவரது எழுத்திலிருந்த இனவாதத்தைச் சியரா கழகமே 2020இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கில் அணை கட்டுவதற்கு எதிராக நடத்திய கடைசிப் போராட்டத்தில் 1913இல் தோற்றார். 1914 டிசம்பர் 24இல் இறந்தார். இன்று அவரது பெயரில் மலை ஏரிகளினூடாகச் சுமார் 340 கிலோமீற்றர் பாதை ஓடுகிறது. அதில் பல நாள் நடக்க அனுமதிச்சீட்டு வேண்டும்.

பள்ளத்தாக்கில் எஞ்சியிருந்த சுதேச மக்களின் குடியிருப்பைப் பூங்கா நிர்வாகம் 1969இல் அகற்றியது. அவர்களின் வழித்தோன்றல்கள் சிலர் இப்போதும் கோடையில் கூடி, மூதாதையர் வணிகத்துக்குச் சென்ற பழைய பாதையில் மலையைக் கடந்து நடக்கிறார்கள்.