நைட்ரேட்டா, நைட்ரைட்டா? பெயர் வைத்த லவாய்சியரின் கதை

பிளஸ் ஒன் வேதியியலில் நைட்ரேட், நைட்ரைட் என்று குழம்பாதவர்கள் குறைவு. அந்தக் குழப்பத்துக்குப் பின்னால் இருக்கும் முக்கியமான ஆள் அந்துவான் லவாய்சியர். 1743-ல் பாரிஸில் பிறந்தவர். படித்தது சட்டம், மனசு போனது ரசாயனத்தில்.

1768-ல் மன்னருக்காக வரி வசூலிக்கும் தனியார் அமைப்பில் பங்கு வாங்கினார். காசு புரண்டது, ஆய்வுக்கூடமும் வளர்ந்தது. 1775-ல் வெடிமருந்து நிர்வாகப் பொறுப்பு. மருந்துக்கு வெடியுப்பு வேண்டும். வங்கத்து வெடியுப்போ ஆங்கிலேயர் கையில். உள்நாட்டிலேயே உற்பத்தியைப் பெருக்கிக் காட்டினார். அந்த வெடியுப்புதான் பொட்டாசியம் நைட்ரேட்.

அன்றைக்குப் பெயர்கள் ஒரே கூத்து. மயில்துத்தத்துக்கு 'வீனஸின் விட்ரியால்' என்று பெயர். அதைக் கேட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? டி மோர்வோ தொடங்கிவைத்த சீர்திருத்தத்தில் லவாய்சியர், பெர்த்தோலே, ஃபூர்குரோய் சேர்ந்துகொள்ள, 1787-ல் நால்வரும் புதிய பெயரிடும் முறையைப் புத்தகமாக்கினார்கள்.

விஷயம் வால்பகுதியில் இருக்கிறது. ஆக்சிஜன் அதிகமுள்ள அமிலத்தின் உப்புக்கு 'ஏட்', குறைவானதற்கு 'ஐட்'. இன்றைய கணக்கில் நைட்ரேட்டில் ஆக்சிஜன் 3, நைட்ரைட்டில் 2. சல்ஃபேட்டில் 4, சல்ஃபைட்டில் 3. கவனிச்சீங்களா? 'ஏட்' என்றால் இத்தனை ஆக்சிஜன் என்று அர்த்தமில்லை. ஜோடியில் எதில் அதிகம் என்பதை மட்டும்தான் அது சொல்லும். எண்ணிக்கையை நாம்தான் மனப்பாடம் செய்யணும். (ஆக்சிஜனே இல்லாத சல்ஃபைடு வேறு. தமிழில் எழுதும்போது ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஜாக்கிரதை.)

லவாய்சியர் அணுக்களை எண்ணிப் பெயர் வைக்கவில்லை. எழுத்தும் எண்ணுமாகச் சூத்திரம் எழுதும் முறை பிறகு சுவீடனின் பெர்சீலியஸிடமிருந்து வந்தது. அயனி என்ற சொல் 1834-ல் ஃபாரடே தந்தது. லவாய்சியர் சறுக்கிய இடமும் உண்டு. எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருக்கும் என நம்பி, அதற்கு அமிலத்தை உண்டாக்குவது என்ற பொருளில் பெயர் வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

சம்பாதித்துக் கொடுத்த அதே வரி வேலைதான் உயிரையும் வாங்கியது. பிரெஞ்சுப் புரட்சியில் வரி வசூலித்தவர்கள் கைதானார்கள். 1794 மே 8 அன்று மாமனாரோடு அவரும் கில்லட்டினில் கொல்லப்பட்டார். வயது 50. பெயர்ப் புத்தகத்தின் கூட்டாளி ஃபூர்குரோய் அப்போது புரட்சி மன்றத்தின் உறுப்பினர். நண்பரைக் காப்பாற்ற முயன்றாரா என்பது இன்றும் விவாதம்தான்.

பறிமுதலான பொருட்கள் பின்னர் மனைவி மரி ஆனிடம் திரும்பி வந்தன. கணவர் முடிக்காமல் விட்ட கட்டுரைகளை அவரே புத்தகமாக வெளியிட்டு, விஞ்ஞானிகளுக்கு அனுப்பிவைத்தார்.