கேட்டுக் கேட்டே தலைவரானவர்

மேடைப் பேச்சு வேணுமா, வேலைக்கு மனு எழுதணுமா, செயற்கை நுண்ணறிவு அரை நிமிஷத்தில் எழுதித் தந்துவிடுகிறது. இன்று படிக்கும் நம் தம்பி தங்கைகள் அதில் கெட்டிக்காரர்கள். ஆனால் நாலு பேரை ஒன்று சேர்த்து வேலை வாங்குவது வேறு வித்தை. அதற்கு எனக்கு ஞாபகம் வருகிறவர், அலங்காரப் பேச்சே தெரியாத காமராஜர்தான்.

1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தார். சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்தார், பள்ளிப் படிப்பும் பாதியில் நின்றது. 1930 உப்பு சத்தியாகிரகம், சிறை, கட்சி வேலை என்று வாலிபம் போயிற்று. 1954-ல் முதலமைச்சர். கட்சித் தலைவர் தேர்தலில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவருக்கு ஆதரவாக நின்ற பக்தவத்சலத்தையும் கூப்பிட்டு மந்திரிகளாக்கினார். நம்மில் எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

1963-ல் தாமே சொன்ன திட்டப்படி பதவியை விட்டார். அடுத்த ஆண்டு அகில இந்திய காங்கிரஸ் தலைவர். 1964 மே 27-ல் நேரு மறைந்தார். அடுத்த பிரதமர் யார் என்று நாடே கவலைப்பட்டது. இவருக்கோ இந்தி சரளமாக வராது, ஆங்கிலமும் அளவோடுதான். என்ன செய்தார்? முதலமைச்சர்கள், எம்.பி.க்கள், செயற்குழுக்காரர்கள் என்று ஒவ்வொருவரிடமும் அபிப்பிராயம் கேட்டார். தாம் பேசியது கொஞ்சம், கேட்டது நிறைய. போட்டியிட விரும்பிய மொரார்ஜி தேசாயும் விலகிக்கொள்ள, ஜூன் 2-ல் லால்பகதூர் சாஸ்திரி ஒருமனதாகத் தேர்வானார். இன்றானால் அத்தனை அபிப்பிராயத்தையும் கம்ப்யூட்டர் நொடியில் தொகுத்துவிடும், வாஸ்தவம். ஆனால் தயங்கித் தயங்கிச் சொல்கிற விஷயத்தை அதனிடம் யார் சொல்வார்கள்? இவரிடம் சொன்னார்கள்.

அப்படிப்பட்டவர் காதிலும் ஒரு குரல் சரியாக விழவில்லை என்பது என் எண்ணம். 1965-ல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரிசித் தட்டுப்பாடு வேறு. 1967 தேர்தலில், சொந்த ஊரான விருதுநகரிலேயே, பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார்.

மனிதர் முடங்கிவிடவில்லை. மறுபடி ஜனங்களிடமே போனார். 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். 1975 அக்டோபர் 2-ல், காந்தி ஜெயந்தியன்று, காலமானார்.