சிறையில் முதிர்ந்த பணி

காரைக்காலுக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த ஊர் தரங்கம்பாடி. டேனியரின் ஆட்சியிலிருந்த இவ்வூருக்குச் செருமானியரான சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சமயப் பணியாற்ற வந்தார். சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1708இல் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார்.

அவ்வாண்டே, கைம்பெண் ஒருவருக்காகப் பரிந்து பேசியதால் டேனிய ஆளுநரின் சினத்துக்கு ஆளானார். டான்சுபர்க் கோட்டையில் ஏறத்தாழ நான்கு திங்கள் சிறைப்பட்டார். தொடக்கத்தில் தாளும் எழுதுகோலும் மறுக்கப்பட்டன. எனினும், தனிமை அவரை ஒடுக்கவில்லை, இறைவேண்டலில் ஆழ்த்தியது. தாள் கிட்டியதும் இறைவனுக்கு உகந்த வாழ்வைப் பற்றி எழுதலானார். பவுலடிகளும் தம் மடல்கள் சிலவற்றைச் சிறையிலிருந்தே எழுதியவர் என்பர். அம்மடல்களைத் தமிழாக்க முனைந்தவர், துன்பமும் இறையருளின் வாயிலாகும் என்பதைப் படித்தறிந்ததோடு பட்டும் அறிந்தார்.

விடுதலைக்குப்பின் பணியைத் தொடர்ந்து 1711இல் நிறைவுசெய்தார். தரங்கம்பாடி அச்சகத்தில் அந்நூல் 1715இல் முழுமையாக அச்சேறியது. முப்பத்தாறாம் அகவையில், 1719இல் மறைந்த அவர், தாம் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.