வரலாறு படிச்சா என்ன கிடைக்கும்?
(பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியின் வாழ்க்கை)



பிளஸ் டூ முடிச்சதும் பி.ஏ. வரலாறு சேரப் போறேன்னு நான் சொன்னா, எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறாங்க. அதைப் படிச்சு என்ன செய்யப் போற? நம்ம கவரைப்பேட்டையிலேயே இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு. பக்கத்துல கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பெனிகள் இருக்கு. அதனால அவங்க கேட்கிறதும் நியாயம்தான். நான் அதுக்குப் பதிலா ஒருத்தரோட வாழ்க்கையைச் சொல்றேன். அவர்தான் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி.

அவர் பிறந்தது 1892 ஆகஸ்ட் 12. ஊர், தாமிரபரணிக் கரையில் இருக்கும் கல்லிடைக்குறிச்சி. திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்துவிட்டு, எம்.ஏ. படிக்க சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். அப்போ அந்தக் கல்லூரி தாம்பரத்துல இல்லை, பாரிமுனைப் பக்கம் இருந்தது. எம்.ஏ. தேர்வில் சென்னை மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறினார்.

1913-இல் தான் படித்த திருநெல்வேலிக் கல்லூரியிலேயே ஆசிரியர் ஆனார். 1918-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். பிறகு சிதம்பரத்தில் கல்லூரி முதல்வர். 1929 முதல் 1946 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாறு, தொல்லியல் துறைப் பேராசிரியர்.

அந்தக் காலத்துல இந்திய வரலாறுன்னா பெரும்பாலும் கங்கைக் கரைக் கதைதான். தெற்கே இருந்த நமக்குக் கிடைத்த பக்கங்கள் கொஞ்சம். ஆனா நம்ம கோயில் சுவர்களில் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள் இருந்தன. கல்வெட்டுத் துறையினர் ஊர் ஊராகப் போய் மைப்படி எடுத்து வைத்திருந்தார்கள். சாஸ்திரி அவற்றை எல்லாம் வரிசைப்படுத்தி, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு எழுதினார். 1929-இல் பாண்டியர் வரலாறு வந்தது. சோழர் வரலாறு 1935-லும் 1937-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. 1955-இல் தென்னிந்திய வரலாறு வந்தது. மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதியதால் உலகமே படித்தது.

இதுல நம்ம மாவட்டத்துக்கும் பங்கு உண்டு, தெரியுமா? திருவாலங்காட்டில் 1905-இல் ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்தன. மொத்தம் 31 ஏடுகள். பழையனூர் என்ற ஊரை அங்குள்ள கோயிலுக்குக் கொடுத்த பத்திரம் அது. அதிலேயே சோழர் பரம்பரையும் ராஜேந்திரனின் வெற்றிகளும் இருக்கு. அரசனைப் புகழ எழுதினதை அப்படியே நம்பலாமா? கூடாது. அதனால சாஸ்திரி செப்பேட்டைக் கல்வெட்டோடு வைத்துப் பார்த்தார். சீனர், அரபியர் எழுதிய குறிப்புகளோடும் வைத்துப் பார்த்தார். ஒரு விபத்து நடந்தா நாலு சாட்சியை விசாரிக்கிற மாதிரி! வெளிநாட்டார் குறிப்புகளை மட்டும் தொகுத்து 1939-இல் தனி நூலே போட்டார்.

உத்திரமேரூர் கல்வெட்டுகளையும் அவர் ஆராய்ந்தார். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலை முறையை நாம பாடத்துல படிச்சிருக்கோம். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வாரியத்துக்கு வர முடியாதுன்னு அதில் விதி இருக்கு. அதே கல்லில்தான், நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே அந்தச் சபையில் இடம்னும் எழுதியிருக்கு. பெருமையை மட்டும் எடுத்துக்கிட்டு மத்ததை மறைச்சா அது வரலாறு ஆகாது.

சாஸ்திரி சொன்னதே கடைசி முடிவும் இல்லை. சோழர் ஆட்சி முழுக்க முழுக்கத் தலைநகரின் கட்டுப்பாட்டில் இருந்ததான்னு பின்னால் வந்த பர்ட்டன் ஸ்டெயின் கேள்வி எழுப்பினார். ஜப்பானைச் சேர்ந்த நொபொரு கராஷிமாவும் நம்ம எ. சுப்பராயலுவும் அதே கல்வெட்டுகளை எண்ணிக் கணக்கிட்டுப் புது விஷயங்கள் கண்டுபிடித்தார்கள். ஆனா சாஸ்திரி போட்ட பாதையில் நடந்துதான் அவரைத் தாண்டினார்கள்.

1952 முதல் 1955 வரை மைசூரிலும் அவர் பேராசிரியராக இருந்தார். பத்மபூஷண் விருது பெற்றார். 1975-இல் தம் 82-ஆம் வயதில் காலமானார்.

இப்போ அந்தக் கேள்விக்கு வர்றேன். வரலாறு படிச்சா வேலை கிடைக்குமா? ஆசிரியர் வேலை, தொல்லியல் துறை, அருங்காட்சியகம், வக்கீல் படிப்பு, டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எல்லாத்துக்கும் வழி இருக்கு. ஆனா நான் அதுக்காக மட்டும் சேர விரும்பலை. ஒருத்தர் ஒண்ணு சொன்னா, அதுக்கு ஆதாரம் என்னன்னு கேட்கக் கத்துக்கொடுக்கிற படிப்பு இது. செல்போன்ல எது வந்தாலும் நம்பி அனுப்புற காலத்துல இது ரொம்ப அவசியம்.

இன்னொண்ணும் இருக்கு. திருப்பணி நடக்கும்போது எத்தனையோ கோயில்களில் கல்வெட்டு மேல சுண்ணாம்பு பூசிட்டாங்க. கல்லையே புரட்டிப் போட்டுட்டாங்க. அதில் என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இருந்திருந்தா தடுத்திருப்பார். அந்த ஒருத்தர் ஏன் நம்ம பள்ளியிலிருந்து போகக் கூடாது?

தோழர்களே, தோழிகளே! எல்லாரும் வரலாறுதான் எடுக்கணும்னு நான் சொல்லலை. பிடிச்சவங்க பயப்படாம எடுங்க. மத்தவங்க, உங்க ஊர்க் கோயில் சுவரில் எழுத்து இருந்தா சுண்ணாம்பு அடிக்க விடாதீங்க. அது போதும்.



- பிளஸ் 1 கலைப் பிரிவு மாணவி